திறந்த குழியில் ஒரு தொல்லிலை

ஜொகூரில் எங்கே தோண்டினாலும் முதலில் வருவது செம்மண்தான். வீட்டுக்கு அடித்தளம் வெட்டினாலும் செம்பனைக் கன்றுக்குக் குழி எடுத்தாலும் அதே சிவப்பு, அதே பிசுபிசுப்பு. கல்லாகிப்போன சிப்பியையும் டைனோசர் எலும்பையும் பாடநூலில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், நம் ஊர் மண்ணில் ஏன் இவையெல்லாம் கிடைப்பதில்லை என்று கேட்பதுண்டு. மலேசியாவில் அப்படி எதுவும் கிடையாது என்று பெரியவர்கள் பலர் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. பகாங் மாநிலத்தில் கிடைத்த, 23 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பல் மீன் தின்னும் ஸ்பைனோசார் வகை டைனோசருடையது என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அறிவித்தார்கள். ஜொகூரிலும் புதைபடிவங்கள் உண்டு. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே செழித்து அழிந்த காடுகளின் இலைகள்கூட இங்கே பாறைக்குள் இருக்கின்றன.

ஆகவே, இருப்பவை ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்பதே பொருத்தம். அதோடு இன்னொன்றும் கேட்கலாம். புதைபடிவம் தேடுவோர் காட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு ஏன் கல்குவாரிக்கும் திறந்தவெளிச் சுரங்கத்துக்கும் போகிறார்கள்? இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில், அந்தச் செம்மண்ணில்தான் தொடங்குகிறது.

செம்மண் எங்கிருந்து வந்தது

ஜொகூரில் ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கிறது. மழையோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகத்தான் தரையைத் தொடுகிறது. மக்கிய இலைதழைகளின் ஊடாக இறங்கும்போது அந்த அமிலத்தன்மை இன்னும் கூடுகிறது. இந்த வெந்நீர்க் குளியல் பல லட்சம் ஆண்டுகள் இடைவிடாமல் நடந்தால் எந்தப் பாறையும் பாறையாக நிற்காது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வெண்களிமண்ணாக மாறுகிறது. இரும்பு துருப்பிடிக்கிறது, செம்மண்ணின் சிவப்பு அந்தத் துருவின் நிறமே. குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் மணலாக எஞ்சுகிறது. இதற்குப் பாறைச் சிதைவு என்று பெயர்.

சிதைந்த இந்தப் போர்வை சில இடங்களில் சில மீட்டர் தடிப்போடு நின்றுவிடும். பல இடங்களில் 30 மீட்டரையும் தாண்டும். சாலைக்காக வெட்டிய மேடுகளில் இதை எளிதாகப் பார்க்கலாம். பாறையின் பழைய கோடுகளும் வெடிப்புகளும் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் புட்டு மாவைப் போல உதிரும்.

புதைபடிவத்துக்கு இது நல்ல செய்தி அல்ல. சிப்பி, பவளம் ஆகியவற்றின் ஓடு சுண்ணாம்பால் ஆனது. அமில நீருக்கு முதலில் பலியாவது அதுதான். எலும்பும் அமில மண்ணில் நெடுங்காலம் தாங்குவதில்லை. ஆனால் எல்லாமே அழிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஓடு கரைந்தபின் அது பதிந்திருந்த களிப்பாறையில் அதன் அச்சு எஞ்சலாம். தீபகற்ப மலேசியாவில் சேகரிக்கப்படும் கடற்சிப்பிகள் பலவும் இப்படி ஓடில்லாத அச்சுகளாகவே கிடைக்கின்றன. ஜொகூரின் வடமேற்கு எல்லையை ஒட்டிய கெமாஸ் பகுதிப் பாறைகளில் டிரையாசிக் காலத்துக்குரிய, அதாவது 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, மெல்லிய இருவோட்டுச் சிப்பிகள் இருப்பது தெரியவந்துள்ளது. இன்று ரயிலும் செம்பனை லாரியும் ஓடும் அந்த நிலம் அன்று கடலடி.

புதைபடிவம் தேட வேண்டுமென்றால் போர்வைக்குக் கீழே போக வேண்டும். கையால் தோண்டி அவ்வளவு ஆழம் போவது நடக்கிற காரியம் அல்ல. வேறொரு காரணத்துக்காக யாரோ பெரும் செலவில் வெட்டிய குழிதான் ஒரே வழி. பாலைவன நாடுகளில் காற்றும் வெயிலும் செய்துதரும் வேலையை ஈரமண்டலத்தில் மண்வாரி இயந்திரமே செய்கிறது.

எல்லாக் குழியும் பயன்படாது

குழி இருந்தால் போதும் என்று நினைத்துப் புறப்படுபவருக்கு ஏமாற்றம் நிச்சயம். புதைபடிவம் இருக்குமா என்பதைக் குழியின் ஆழத்தை விட அங்கே வெட்டப்படும் பொருள் எப்படி உண்டானது என்பதுதான் முடிவு செய்கிறது. ஜொகூரின் சுரங்க வரலாறே இதற்குப் போதிய பாடம்.

பத்து பகாட் மாவட்டத்தின் ஸ்ரீ மேடானில் 1920களின் தொடக்கத்தில் இஷிஹாரா ஹிரோயிச்சிரோ என்ற ஜப்பானியரின் நிறுவனம் இரும்புத்தாது வெட்டத் தொடங்கியது. மலையையே படிப்படியாகச் சரித்து எடுத்த தாது ஆற்று வழியே கடலுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி ஜப்பானின் யவாத்தா உருக்காலைக்குச் சென்றது. அக்கால மலாயாவின் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதில் இலையையோ சிப்பியையோ தேடியிருந்தால் வீண். இத்தகைய இரும்புத்தாது பூமிக்குள்ளிருந்து ஏறிவரும் சூடான கனிமநீர் பழைய பாறையைத் தின்று உருமாற்றுவதால் உண்டாவது. அந்தச் சூட்டில் பாறையின் பழைய முகமே அழிந்துவிடும்.

பாக்சைட் குழிகள் இன்னும் மோசம். 1930களில் பத்து பகாட் பக்கத்திலும், பிற்காலத்தில் பெங்கெராங் முனையின் தெலுக் ராமுனியாவிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டப்பட்டது. பாக்சைட் என்பதே பாறைச் சிதைவின் கடைசிக் கட்டம். கரையக்கூடியது அனைத்தும் கரைந்துபோனபின் மிஞ்சிய அலுமினியமும் இரும்பும். புதைபடிவத்தை அழிக்கும் அதே செயல்தான் பாக்சைட்டை உண்டாக்குகிறது. நல்ல பாக்சைட் குழி என்றால் அது மோசமான புதைபடிவக் குழி என்று தயங்காமல் சொல்லலாம்.

ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள கல்குவாரிகள் பலவற்றில் உடைபடுவது கருங்கல். அது உருகிய குழம்பு ஆழத்தில் மெல்ல இறுகியது. உயிர் எதுவும் அதற்குள் இருந்ததில்லை. கோத்தா திங்கி பக்கத்து ஈயக் குழிகளின் தாதுவும் கருங்கல்லோடு உறவுடையதே.

மிஞ்சுவது நீரின் அடியில் மெதுவாகப் படிந்த பாறைகள். சுண்ணாம்புக்கல், மணற்கல், களிப்பாறை, நிலக்கரி ஆகியவை அவை. சுண்ணாம்புக்கல் ஜொகூரில் அரிது. சுமாலாயாங் குன்றில் இருப்பது 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பெர்மியன் காலத்தைச் சேர்ந்த சிறு துண்டு. செங்கல் சூளைக்குக் களிமண் எடுக்கும் குழிகளும் சாலைக்காக மலையைப் பிளந்த வெட்டுகளும் நம்பிக்கைக்குரியவை. எல்லாவற்றிலும் சிறந்தது நிலக்கரிக் குழி. குளுவாங்குக்கு அருகே நியோர் பகுதியில் இளம் நிலக்கரிப் படிவு ஒன்று உண்டு. ஆனால் பெரிய அளவில் திறந்தவெளியாக வெட்டப்பட்ட நிலக்கரியைப் பார்க்க ஜொகூர்வாசி சிலாங்கூருக்குத்தான் போக வேண்டும்.

பத்து ஆராங்கின் கதை

கோலாலம்பூருக்கு வடமேற்கே உள்ள பத்து ஆராங்கில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரி கண்டறியப்பட்டது. மலாயன் காலியரீஸ் நிறுவனம் 1915 முதல் அதை வெட்டியது. ஒரு பக்கம் நிலத்தடிச் சுரங்கம், இன்னொரு பக்கம் திறந்த குழி. மலாயாவின் ரயில்களும் ஈயம் அள்ளும் கப்பல்களும் கோலாலம்பூரின் பங்சார் மின்நிலையமும் இந்தக் கரியில்தான் ஓடின. சீனத் தொழிலாளரோடு தமிழ்த் தொழிலாளரும் அங்கே உழைத்தார்கள். 1937இல் அங்கு வெடித்த வேலைநிறுத்தம் மலாயாவின் தொழிலாளர் வரலாற்றில் தனி இடம் பெற்றது. எண்ணெய் மலிவானதும் கரிக்குத் தேவை குறைந்தது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

அந்தக் கரி ஒரு பழைய ஏரியும் சதுப்புக் காடும் விட்டுச்சென்றது. காலம் இயோசீன்–ஒலிகோசீன் என்று கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணிப்புக்குக் கைகொடுத்தவை மகரந்தத் துகள்கள். கண்ணுக்குத் தெரியாத மகரந்தத்தின் வெளிச்சுவர் இயற்கையில் உள்ள மிக உறுதியான பொருள்களில் ஒன்று. பாறைத் துண்டைக் கடும் அமிலத்தில் கரைத்தாலும் அது கரையாமல் நிற்கும். இலை ஒன்றுகூடக் கிடைக்காத குழியிலும் ஒரு கைப்பிடிக் களிப்பாறை போதும். அங்கே என்னென்ன மரங்கள் நின்றன என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள்.

கரிக்குழிக்குப் போகிறவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை, கரிக்கட்டிகளை உடைத்துப் பார்ப்பது. கரி முழுவதும் மரமும் இலையும்தான். ஆனால் அவை நசுங்கி, வெந்து, ஒன்றோடொன்று கலந்து தனி உருவம் இழந்தவை. உருவம் பிழைத்திருப்பது கரிக்கு நேர் மேலே உள்ள களிப்பாறையில். சதுப்பு நிலத்தை வெள்ளம் மூடியபோது கடைசியாக விழுந்த இலைகள் மென்சேற்றில் தட்டையாகப் படுத்து மூடப்பட்டன. கரிக்குக் கீழே உள்ள களிமண்ணிலோ பெரும்பாலும் வேர்கள் இருக்கும். மேலே இலை, நடுவே கரி, கீழே வேர் என்று ஒரு காடு அடுக்கு மாறாமல் நிற்கிறது. சுரங்கக்காரருக்கு மேலுள்ள களிப்பாறை வெறும் தடை. அள்ளி ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். புதைபடிவம் தேடுவோர் முதலில் போக வேண்டிய இடம் அந்தக் கழிவு மேடுதான்.

சுவரும் கழிவு மேடும்

இயங்கும் குழிக்குள் யாரும் தன் விருப்பப்படி நுழைய முடியாது. நிறுவனத்தின் எழுத்துவழி அனுமதி, தலைக்கவசம், ஒளிரும் மேலங்கி, வெடி வைக்கும் நேரம் தெரிந்த ஒரு வழிகாட்டி என்று எல்லாம் அமைந்த பிறகே சேகரிப்புக் குழு உள்ளே இறங்கும். குழியின் சுவர் ஒரே செங்குத்தாக இருப்பதில்லை, படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். சுரங்கத்தார் இந்தப் படிகளை ‘பெஞ்ச்’ என்பார்கள். மழை பெய்த மறுநாள் இந்தப் படிகளின் அடியில் நிற்பது அறிவீனம். ஊறிய களிப்பாறை முன்னறிவிப்பின்றிச் சரியும். ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை பொழியும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இத்தகைய பயணங்களைத் தள்ளிவைப்பதே நல்லது.

உள்ளே போனதும் சுத்தியலை எடுப்பவர் கற்றுக்குட்டி. அனுபவமுள்ளவர் முதலில் தூரத்தில் நின்று சுவரைப் பார்ப்பார். எந்த அடுக்கு கீழே, எது மேலே, அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, எங்கே வெட்டுப்பட்டு இடம் மாறியிருக்கின்றன என்று தாளில் வரைந்துகொள்வார். அடுக்குகள் கவிழ்ந்து புரளாத இடத்தில் கீழே உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. எளிய விதிதான். ஆனால் நிலவியலாளர் கையில் உள்ள காலக்கணக்கு முழுவதும் இதிலிருந்தே எழுந்தது.

கழிவு மேட்டில் கிடைக்கும் மாதிரிக்கு ஒரு குறை உண்டு. அழகாக இருக்கும், எடுக்க எளிது, ஆபத்தும் குறைவு. ஆனால் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆகவே வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. மேட்டில் கிடைக்கும் துண்டுகளைப் பார்த்து, இலை தாங்கும் பாறையின் நிறம், மணல் அளவு, பிளக்கும் விதம் ஆகியவற்றை மனத்தில் கொள்வது முதல் கட்டம். அதே பாறையைச் சுவரில் தேடிக் கண்டு, அடுக்கிலிருந்தே மாதிரி எடுப்பது இரண்டாவது. மேட்டில் பொறுக்கிய நூறு துண்டுகளை விட, அடுக்கு தெரிந்து எடுத்த ஒரு துண்டு ஆய்வுக்கு மேலானது. சேகரிப்பாளர் பலர் இதை ஏற்கத் தயங்குவார்கள். அலமாரியில் வைத்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும்.

களிப்பாறை தகடு தகடாகப் பிளக்கும். உளியை அடுக்கின் ஓரத்தில் வைத்து மெல்லத் தட்டினால், பாறை தனக்கு வசதியான பலவீனமான தளத்தில் தானே திறந்துகொள்ளும். இலை இருந்தால் அந்தப் பலவீனம் இலையின் தளத்திலேயே இருக்கும். இப்படிப் பிளந்ததும் கிடைப்பவை இரண்டு: ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் எதிரச்சு. இரண்டையும் எடுக்க வேண்டும். நரம்பின் ஒரு பாதி இதிலும் மறுபாதி அதிலும் ஒட்டியிருக்கக் கூடும்.

பார்ப்பதற்கு ஏற்றது காலை அல்லது மாலை வெயில். உச்சி வெயிலில் வெறும் கறையாகத் தெரியும் இலை, சாய்ந்த ஒளியில் நரம்பு நரம்பாக எழுந்து நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி எப்போதும் கழுத்தில் தொங்கும். எடுத்த துண்டுக்கு உடனே எண் எழுதி, இடம், அடுக்கு, நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிந்து, பழைய செய்தித்தாளில் சுற்ற வேண்டும். ஈரக் களிப்பாறையை வெயிலில் காயவைத்தால் வெடித்துப் பொடியாகும். நிழலில் பல நாள் மெல்ல உலர வேண்டும். பளபளப்புக்காக வார்னிஷ் பூசுவது மாதிரியைக் கெடுக்கும். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய மேற்பரப்பை அது மூடிவிடுகிறது.

லிங்கியு இலை என்ன சொல்கிறது

இவ்வளவு பாடுபட்டு எடுத்த ஓர் இலை அச்சிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஜொகூரிலேயே கிடைத்த தாவரங்களைக் கொண்டு இதைப் பார்க்கலாம். இவை சுரங்கத்தில் கிடைத்தவை அல்ல. குளுவாங்குக்குக் கிழக்கே உள்ள குனோங் பெலுமுட் மலைப்பகுதியின் பாறைகளிலிருந்து வந்தவை. ஆனால் இலையைப் படிக்கும் முறை எந்தக் குழிக்கும் ஒன்றுதான்.

ஜொகூர் மக்களுக்கு லிங்கியு என்றால் நீர்த்தேக்கம். நிலவியலாளருக்கு அது ஒரு பழைய காட்டின் பெயர். ஜப்பானின் கோன்னோ, அசாமா ஆகியோரும் மலேசிய நிலவியல் துறையின் ராஜாவும் சேர்ந்து, ‘லிங்கியு தாவரத் தொகுதி’ என்று பெயரிட்டு இந்த இலைகளை 1971இல் டோக்கியோ தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் விவரித்தார்கள்.

முதல் கேள்வி, இலைகள் எங்கிருந்து வந்தன என்பது. ஆறு அடித்துக்கொண்டு வந்த இலை நெடுந்தூரம் முழுமையாக இருக்காது. கிழிந்து, ஓரம் அரித்துப்போகும். நரம்பும் ஓரமும் கெடாத இலைகள் பல ஒரே தளத்தில் கிடக்குமானால், அந்தச் செடிகள் அருகிலேயே வளர்ந்தன என்று கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, என்ன செடி. இங்கே தனி இலையை விட அதன் கூட்டாளிகள் முக்கியம். ஓர் இலை ஏமாற்றலாம். ஒரு காடு முழுவதும் ஏமாற்றாது. லிங்கியு செடிகளின் சேர்க்கை ‘கத்தேசியத் தாவரங்கள்’ என்று அழைக்கப்படும் தொகுதியைச் சேர்ந்தது. சீனம், கொரியா தொடங்கி இந்தோசீனம் வழியாகச் சுமத்திராவின் ஜம்பி வரை பெர்மியன் காலப் பாறைகளில் காணப்படும் வெப்பமண்டலச் சதுப்புக் காடு அது. பகாங்கின் ஜெங்காவிலும் இதன் இன்னொரு துண்டு கிடைத்துள்ளது. இந்தத் தொகுதியின் அடையாளச் செடி ஜைகான்டாப்டெரிஸ் குடும்பம். அதன் அகன்ற இலையில் பெரிய நரம்பு, சிறிய நரம்பு, அதனினும் சிறிய நரம்பு என்று வலைப்பின்னல் ஓடும். இன்றைய பலா, தேக்கு இலைகளின் நரம்பமைப்பை நினைவூட்டும் அது, பூக்கும் தாவரங்கள் உலகில் தோன்றுவதற்குப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்பே இருந்தது. பூக்கும் தாவரங்களுக்கு அது மூதாதையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

மூன்றாவது, காலம். பெர்மியன் காலம் ஏறத்தாழ 29.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. லிங்கியு தாவரங்களை விவரித்தவர்கள் அவற்றை அதன் பிற்பகுதியில் வைத்தார்கள். உலக உயிரினங்களின் பெரும்பகுதியை அழித்த பேரழிவு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

நான்காவது கேள்விதான் இலைகளை உண்மையில் பேசவைக்கிறது. அதே காலத்தில் மற்ற இடங்களில் என்ன வளர்ந்தது?

எதிர்க்கரையில் இந்தியா

தெலங்கானாவின் சிங்கரேணியிலோ வங்காளத்தின் ராணிகஞ்சிலோ திறந்த நிலக்கரிக் குழியில் களிப்பாறையைப் பிளந்தால் வேறோர் இலை வருகிறது. நாக்கு வடிவம், நடுவே தடித்த நரம்பு, இருபுறமும் எளிய வலை. குளோசாப்டெரிஸ் என்று பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிராங்கியார் 1828இல் இதற்குப் பெயரிட்டார். பெயரிட்ட மாதிரிகள் இந்தியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சென்றவை. பின்னர் தென்னாப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இது கிடைத்தது. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் இறந்துபோன ஸ்காட் குழுவினர் கடைசிவரை இழுத்துவந்த 16 கிலோ பாறைகளிலும் இந்த இலை இருந்தது. இந்த நிலங்கள் எல்லாம் ஒட்டியிருந்த பெருங்கண்டத்துக்குக் கோண்ட்வானா என்று பெயர்.

குளோசாப்டெரிஸ் மரங்களின் தண்டில் ஆண்டு வளையங்கள் தெளிவாக உண்டு. பருவம் மாறும் குளிர்நாட்டு மரம் அது. இலைகள் மெத்தை மெத்தையாகக் கிடப்பதால் பருவந்தோறும் உதிர்ந்தன என்றும் கருதப்படுகிறது. கத்தேசியக் காட்டுக்கு இந்தப் பருவக் கெடுபிடி இல்லை.

இப்போது இரு இலைகளையும் வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்று இந்தியாவும் சுமத்திராவும் எதிரெதிரே, வங்கக் கடலும் அந்தமான் கடலும் மட்டும் நடுவே. ஒரே காலத்தில் ஒன்றில் குளிர்நாட்டுக் காடு, மற்றதில் வெப்பமண்டலக் காடு. இரண்டும் கலக்கவே இல்லை. கண்டங்கள் அசையாதவை என்று உலகின் பெரும்பாலான நிலவியலாளர்கள் நம்பிய 1930களிலேயே லக்னோவின் தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி இந்த முரணைச் சுட்டிக்காட்டி, அன்று தொலைவில் இருந்த இரு நிலங்கள் பின்னால் நெருங்கி வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். கடல்தளத்தை அளந்து, புவித்தட்டுகள் நகர்கின்றன என்ற கொள்கை நிறுவப்படுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு, கையில் இலைகளை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. இதைவிடத் துணிவான வாதம் இந்தியத் தொல்தாவரவியலில் குறைவு.

ஆனால் இலைகள் தனியே நிறுவக்கூடியதற்கு எல்லை உண்டு. இரு காடுகளுக்கு இடையே தூரம் இருந்தது, தட்பவெப்பம் வேறு என்பதை அவை காட்டும். நடுவே கடல் இருந்தது என்பதற்குச் சான்று பாறையிலிருந்து வர வேண்டும். அதுவும் மலேசியாவிலேயே இருக்கிறது. தாய்லாந்து எல்லையிலிருந்து ரவுப், பெந்தோங் வழியாக மலாக்கா நோக்கி ஓடும் ஒரு பட்டையில், ஆழ்கடலில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான சிலிக்காப் பாறையும் கடல்தளத்தின் துண்டுகளும் நசுங்கிக் கிடக்கின்றன. பெந்தோங்–ரவுப் இணைகோடு என்று இதைச் சொல்லலாம். அந்தக் காடுகளுக்கு நடுவே கிடந்த பழைய டெத்திஸ் என்ற கடல் மூடியதன் வடு இது.

இந்த வடுவுக்கு மேற்கே உள்ள மலேசியா வேறு, கிழக்கே உள்ள மலேசியா வேறு. மேற்குப் பக்கத்து லங்காவித் தீவில், பெர்மியன் தொடக்கத்தை ஒட்டிய கடற்சேற்றுப் பாறையில் எங்கிருந்தோ வந்து விழுந்த கூழாங்கற்கள் பதிந்துள்ளன. மிதக்கும் பனிக்கட்டி உருகும்போது அவற்றை உதிர்த்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். அந்த நிலத்துண்டு கோண்ட்வானாவின் குளிர்க்கரையில் இருந்தது, இந்தியாவின் உறவு. ஜொகூரின் பெரும்பகுதி வடுவுக்குக் கிழக்கே, கத்தேசியக் கரையில் இருந்தது. டிரையாசிக் கால முடிவை ஒட்டி இரண்டும் மோதி இணைந்து தீபகற்பம் ஆயின. அந்த மோதலை ஒட்டி உருகி எழுந்த கருங்கல்லோடு வந்ததுதான் பின்னாளில் மலாயாவைப் பணக்கார நாடாக்கிய ஈயம். இந்தியா மட்டும் இன்னும் தெற்கே நின்று, கோண்ட்வானாவை விட்டு வெகுகாலம் கழித்தே புறப்பட்டு, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவைத் தொட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் பெர்மியன் பக்கத்தைத் தேடிக் குழிக்குப் போகிறவர் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெய்வேலியின் பெரும் குழிகளில் வெட்டப்படுவது மிகப் பிந்தைய காலத்துப் பழுப்பு நிலக்கரி. குளோசாப்டெரிஸ் அங்கே கிடைக்காது. பெரம்பலூர் மாவட்டத் தெரணி களிமண் குழிகளில் வெண்களிமண்ணோடு சேர்ந்து வரும் அழகிய இறகு வடிவ இலைகளும் பெர்மியனுக்குப் பிந்தியவை. டைனோசர் காலத்தைச் சேர்ந்தவை. குழியின் காலம் தெரியாமல் இலையின் காலத்தைப் பேசக்கூடாது என்பதற்கு இந்த இரண்டும் நல்ல உதாரணங்கள்.

குழி மூடிய பிறகு

திறந்த குழி நெடுநாள் திறந்திருப்பதில்லை. வெட்டு நின்றதும் நீரேற்றும் இயந்திரம் நிற்கும். அடுத்த மழைக்காலத்தில் அடிப்படிகள் மூழ்கும். மேற்சுவரில் முதலில் புல், பிறகு புதர். சில ஆண்டுகளில் வெட்டுமுகமே சிதையத் தொடங்கிப் பழைய செம்மண் திரும்பிவிடும். பத்து ஆராங்கின் குழிகள் பலவும் இன்று குளங்கள். சாலை வெட்டுகளுக்கு ஆயுள் இன்னும் குறைவு. சரிவைக் காக்கச் சிமெந்து பூசிவிடுகிறார்கள். அது தேவையான பாதுகாப்புதான், குறை சொல்ல இடமில்லை. ஆனால் பூசுவதற்கு முந்திய சில வாரங்களில் ஒருவர் போய்ப் பார்த்து, வரைந்து, மாதிரி எடுத்திருந்தால் அந்த அடுக்கு அறிவியலுக்கு மிஞ்சும், இல்லையென்றால் போயிற்று.

பகாங் டைனோசர் பல் கிடைத்த இடத்தை ஆய்வாளர்கள் அறிவிக்கும்போது சொல்லாமல் மறைத்ததற்கும் காரணம் உண்டு. இடம் தெரிந்தால் கூட்டம் வரும். கூட்டம் சுத்தியலோடு வரும். மலேசியாவில் நிலமும் அதிலுள்ள பாறையும் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆகவே அனுமதியின்றி வெட்டி எடுப்பது சட்டத்துக்கும் புறம்பு. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இயற்கைப் பாரம்பரிய இடங்களையும் காக்க வழிசெய்கிறது.

ஜொகூரில் புதிதாக வெட்டிய மேட்டிலோ செங்கல் களிமண் குழியிலோ யாருக்காவது இலையோ சிப்பியோ பதிந்த கல் தென்பட்டால் செய்ய வேண்டியது சிறிது. அருகில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ அளவுக்கு வைத்துப் படம் எடுக்க வேண்டும். எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மாநிலத்தின் கனிம, புவி அறிவியல் துறைக்கோ ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கோ அன்றைக்கே தெரிவிக்க வேண்டும்.